பௌர்ணமி விரதமும் சிங்கப்பூர் நேரமும்

கேள்வி: பௌர்ணமி விரதத்தின் சிறப்பு என்ன? தமிழ்நாட்டு நாட்காட்டியை இங்கு அப்படியே பின்பற்றலாமா?
– வாசகர், ஆங் மோ கியோ

பதில்: சந்திரன் சூரியனிலிருந்து 168 பாகை விலகும்போது தொடங்கி 180 பாகையில் முடியும் திதியே, அதாவது சந்திர நாளே, பௌர்ணமி எனப்படும்; அன்று பகலில் உண்ணாதிருந்து, நிலவு எழுந்தபின் அம்பிகையையோ சத்தியநாராயணரையோ வழிபட்டு உண்பது மரபு. முழுநிலவை ஒட்டிய நட்சத்திரத்தைக் கொண்டே தைப்பூசமும் பங்குனி உத்திரமும் அமைகின்றன. பின்னது யீஷூன் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் காவடிகளோடு சிறக்கிறது.

திதி உலகெங்கும் ஒரே கணத்தில் பிறந்தாலும், சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது என்பதால், அங்கு இரவு 10 மணிக்குத் தொடங்கும் பௌர்ணமி இங்கு மறுதேதி 12.30க்கே தொடங்கும்; ஆகவே உள்ளூர்க் கோயில் நாட்காட்டியைப் பின்பற்றுவதே முறை.