அகலக் கணக்கை நீளமாக்க

கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் சேலைக்கடையோ, பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையோ, கணக்குத்தாள் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான்: இடப்பக்கம் பொருள், மேலே ஜனவரி முதல் டிசம்பர் வரை. பார்க்க அழகு. பிவட் டேபிள் போடப் போனால்தான் வம்பு. அதற்கு வேண்டியது ஒரு வரிக்கு ஒரு பதிவு: பொருள், மாதம், வெள்ளி.

கையால் நகலெடுத்து ஒட்டாதீர்கள். எக்செலில் டேட்டா பகுதிக்குப் போய், ‘ஃப்ரம் டேபிள்/ரேஞ்ச்’ மூலம் பவர் குவெரியைத் திறங்கள். பொருள் நெடுவரிசையைத் தேர்ந்து, வலது கிளிக்கில் ‘அன்பிவட் அதர் காலம்ஸ்’. பன்னிரண்டு மாதமும் மளமளவென்று கீழே இறங்கிவிடும்.

முன்கூட்டியே மொத்த வரிசையையும் மொத்த நெடுவரிசையையும் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் விற்பனை பல மடங்காகத் தெரியும், முதலாளி வீணாக மகிழ்வார். இணைத்த கட்டங்களைப் பிரித்தால் வரும் வெற்றிடத்துக்கு ‘ஃபில் டவுன்’. வெற்றுக் கட்டங்கள் மாற்றத்தில் காணாமல் போகும். விற்பனையே இல்லாத மாதத்துக்குப் பூஜ்யம் இடுங்கள்.

மாதப் பெயர் மட்டும் போதாது, ஆண்டும் வேண்டும். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. நவம்பரை நவம்பரோடு ஒப்பிட்டால் வியாபாரம் படுத்துவிட்டதாகத் தோன்றும். ‘பண்டிகை’ என்று இன்னொரு நெடுவரிசை சேர்ப்பது என் சிபாரிசு.