குறைமாதக் குழந்தையின் நோவும் தாயின் தீண்டலும்

உயிர்களை அவற்றின் அறிவின் தொகை கொண்டு வகுத்த தொல்காப்பியர், ஓரறிவு உயிர்க்கு உரியது உற்றறிவு, அதாவது மெய்யால் தீண்டி அறியும் அறிவு, என மரபியலிலே வைத்தார். சுவையும் நாற்றமும் காட்சியும் கேள்வியும் அதன் பின்னரே வருகின்றன. அவர் வகுத்தது உயிர்களின் வரிசையையேயன்றிக் கருவின் வளர்ச்சியையன்று. ஆயினும், கருவிலும் முதலிலே விழிப்பது இவ்வறிவே என இற்றை நாள் மருத்துவம் கண்டுள்ளது. எட்டாவது வாரமளவில் உதட்டின் அயலை மெல்லத் தொட்டாலே கரு அசைகின்றது. கண்ணும் செவியும் தொழிற்படுவதற்கு அதன் பின்னர் பல வாரங்கள் செல்ல வேண்டும். ஆகவே, உரிய காலத்துக்கு இரண்டு மூன்று மாதம் முந்திப் பிறந்துவிட்ட குழந்தை வேறு எதற்கு ஆயத்தமாகாவிடினும், தீண்டலை அறிவதற்கு ஆயத்தமாகவே வந்து சேர்கின்றது. அவ்வாறு வந்த குழந்தையை எத்தகைய தீண்டல் வரவேற்கின்றது என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முப்பத்தேழு வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்பர். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் இவ்வாறு பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 1 கோடியே 34 இலட்சம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் மிக முந்திப் பிறந்தோரைக் காப்பாற்றுவதற்குச் செய்ய வேண்டியவை பல. குருதியைச் சோதிக்கக் குதிக்காலில் குத்துதல், நாளத்தில் ஊசி ஏற்றுதல், மூக்கின் வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்துதல், மூச்சுக்குழாயிலே தேங்கும் சளியை உறிஞ்சி எடுத்தல், தோலில் ஒட்டிய பட்டியைக் கழற்றுதல் ஆகியன அன்றாடம் நிகழ்வன. பட்டியைக் கழற்றுவதும் ஒரு நோவா என வளர்ந்தோர் கேட்கக்கூடும். இருபத்தெட்டு வாரக் குழந்தையின் தோல் எத்துணை மெல்லியது என்பதைக் கண்டவர் அவ்வாறு கேளார். பாரிஸ் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலே 430 குழந்தைகளைக் கவனித்து 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, நோவு தரும் செய்கைகள் ஒரு குழந்தைக்கு ஒரு நாளிலே பத்து என்னும் அளவில் நிகழ்ந்தமையைக் காட்டிற்று. அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு, நோவைத் தணிப்பதற்கென யாதும் செய்யப்படாமலே நடந்தன.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. பிறந்த குழந்தையின் நரம்புகள் முதிராதவை, ஆதலின் அது நோவை உணராது, உணர்ந்தாலும் நினைவில் வைக்காது என்னும் கொள்கை இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ உலகிலே வேரூன்றி நின்றது. மயக்க மருந்து சின்னஞ்சிறு உடலுக்கு ஆபத்தானது என்னும் அச்சமும் அதனோடு சேர்ந்தது. இதனால் 1980ஆம் ஆண்டுகளிலும், அசைவை நிறுத்தும் மருந்தை மாத்திரம் கொடுத்து, நோவைப் போக்கும் மருந்து போதியளவு கொடாது, குறைமாதக் குழந்தைகளின் மார்பைத் திறந்து சத்திரசிகிச்சை செய்த இடங்கள் மேலை நாடுகளிலே இருந்தன. அசையாத குழந்தை நோவற்ற குழந்தை எனக் கருதப்பட்டது போலும்!

இந்நிலையை மாற்றியோருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர், இந்தியாவிலே இந்தூரில் மருத்துவம் கற்றுப் பின்னர் ஒக்ஸ்போட் சென்ற கன்வல்ஜீத் ஆனந்த் என்பவர். சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட குறைமாதக் குழந்தைகளுள் ஒரு சாராருக்கு வழக்கமான மயக்கத்தோடு வலிநீக்கி மருந்தும் கொடுத்து, மற்றொரு சாராருக்கு அம்மருந்து கொடாது அவர் ஒப்பிட்டார். மருந்து பெறாதோரின் குருதியிலே உடலின் பதைப்பைக் காட்டும் ஓமோன்கள் மிகுந்து காணப்பட்டன. சத்திரசிகிச்சைக்குப் பின் வந்த இடர்களும் அவர்களுக்கே கூடுதலாயின. 1987இல் இவ்வாய்வு வெளியான பின்னர், குழந்தைக்கு நோவு தெரியாது என்று சொல்லும் துணிவு எவருக்கும் இலதாயிற்று.

உண்மையில் நிலை இதற்கு நேர்மாறானது. இலண்டன் மரியா பிட்ஸ்ஜெரல்ட் அம்மையாரும் அவரோடு உழைத்தோரும், குறைமாதக் குழந்தை காலை இழுத்துக்கொள்ளும் அனிச்சைச் செயல் மிகச் சிறு தூண்டலுக்கே எழுவதையும், குதிக்காலிலே பலமுறை குத்தப்பட்டால் அவ்விடம் மேலும் கூர்மையாக உணரத் தொடங்குவதையும் காட்டினர். வளர்ந்தோரின் மூளை, முண்ணாணுக்கு ஆணை அனுப்பி, ஏறி வரும் நோவைத் தடுத்து நிறுத்தவல்லது. முந்திப் பிறந்த குழந்தையிடம் இத்தடுப்பு இன்னும் அமையவில்லை. நோவைக் கொண்டுசெல்லும் வழி திறந்திருக்கிறது. காவலாளி வந்து சேரவில்லை. அக்காவலைத் தற்காலிகமாகப் புறத்தேயிருந்து யாரேனும் செய்ய இயலுமா என்பதே எழும் வினா.

1965இல் மெல்சாக், வோல் என்னும் இருவர், முண்ணாணிலே நோவுக்கு ஒரு வாயில் உளது எனவும், தீண்டலைக் கொண்டுவரும் பெரிய நரம்பிழைகள் அவ்வாயிலைச் சாத்த உதவுகின்றன எனவும் ஒரு கொள்கையை முன்வைத்தனர். அடிபட்ட முழங்காலை நாம் யாவரும் தேய்த்துக்கொள்வதன் பொருள் இதுவே. அக்கொள்கையின் சில கூறுகள் பிற்காலத்திலே திருத்தப்பட்டனவேனும், தீண்டல் நோவின் வழியிலே தலையிடுகிறது என்னும் அடிப்படை நிலைத்தது.

ஆனால், தாயின் தீண்டல் குழந்தைக்குக் கிட்டாதிருப்பதற்குத் தடையாக நின்றது, அதன் உயிரைக் காத்த அடைகாப்புப் பெட்டியேயாம். 1880இல் பாரிஸ் மகப்பேற்று வைத்தியசாலையில், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு எழுந்த கருத்தினால் ஸ்தெபான் தார்னியே இதனை அமைப்பித்தார். இதனால் எண்ணற்ற குழந்தைகள் பிழைத்தன. அதன் பெருமையை எவரும் குறைத்துரைத்தல் தகாது. எனினும், குழந்தை கண்ணாடிக்கு உள்ளும் தாய் வெளியிலும் ஆயினர். தார்னியேயின் மாணவர் பியேர் புதேன், தாயைப் பிரித்து வைத்தல் தீது என்று அக்காலத்திலேயே எச்சரித்தார். அவர் சொல் பல்லாண்டு காலம் போதிய அளவு கேட்கப்படவில்லை.

கதவு மறுபடியும் திறந்தது செல்வம் மிக்க நாட்டிலன்று. 1978இல் கொலம்பியாவின் தலைநகராகிய பொகொட்டாவிலே, பெட்டிகள் போதாமையாலும் ஒரே பெட்டியிலே பல குழந்தைகளைக் கிடத்தியதனாற் பரவிய நோய்களாலும் வருந்திய வைத்தியர் எட்கார் றே சனாப்றியா, குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு நிமிர்த்தி அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே ஹெக்டர் மாட்டினெஸ் அவரோடு சேர்ந்தார். கங்காரு தன் குட்டியைப் பையிலே சுமப்பது போன்றிருத்தலின், இது கங்காருத் தாய்ப் பராமரிப்பு எனப் பெயர் பெற்றது. ஏழையின் மாற்றுவழி எனச் சிலர் இகழ்ந்த இம்முறையை, இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளிலே உலக சுகாதார நிறுவனம் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டது. பிறந்த உடனேயே தாயின் மார்பிலே வைக்கப்பட்ட சிறு குழந்தைகளுள் முதல் 28 நாளில் இறந்தோர் நூற்றுக்கு 12. நிலை சீரான பின்னரே அவ்வாறு வைக்கப்பட்டோருள் இறந்தோர் நூற்றுக்கு 15.7. இதனைச் செய்வதற்காகத் தாய்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே படுக்கை கொடுக்கப்பட்டமை நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

உயிரைக் காக்கும் இவ்வணைப்பு நோவையும் தணிக்குமா? 2000ஆம் ஆண்டிலே பொஸ்டன் நகரில், நிறைமாதத்திற் பிறந்த 30 குழந்தைகளிடம் இது சோதிக்கப்பட்டது. குதிக்காலில் குத்தும்போது தாயின் மார்பிலே தோலோடு தோல் படக் கிடந்த குழந்தைகளின் அழுகை, தொட்டிலிலே கிடந்தவற்றின் அழுகையிலும் நூற்றுக்கு 82 பங்கு குறைந்திருந்தது. குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய வழிகாட்டியாக, கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செலெஸ்ட் ஜோன்ஸ்ரன் அம்மையாரின் ஆய்வுகள் வந்தன. இத்துணைச் சிறு குழந்தைகள் சிலவேளை அழுவதற்கும் வலிமையற்றவை. ஆதலின், புருவம் நெரிதல், கண்ணை இறுக மூடுதல், மூக்கின் அயலிலே மடிப்பு விழுதல், இதயத் துடிப்பு, குருதியின் ஒட்சிசன் அளவு ஆகியவற்றைக் கொண்டு புள்ளியிட்டு நோவை அளந்தனர். 32 முதல் 36 வாரத்துக் குழந்தைகளிடம் பயன் தெளிவாகத் தெரிந்தது. 28 முதல் 31 வாரத்துக் குழந்தைகளிடம், குத்திய கணத்திலே பெரும் வேறுபாடு இல்லையாயினும், அவை விரைவிலே அமைதியடைந்தன. குஜராத்திலே கரம்சாத் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில், ஒரே குழந்தையை ஒருமுறை தாயின் அணைப்பிலும் ஒருமுறை அணைப்பின்றியும் குத்திப் பார்த்த ஆய்வும் 2013இல் இவ்வாறே கண்டது. இத்தகைய 25 ஆய்வுகளை 2017இல் ஒருங்கே தொகுத்து நோக்கியோர், ஒருமுறை செய்யும் நோவுச் செய்கைக்கு இம்முறை பயனுடையது, தீங்கற்றது என முடிவு செய்தனர்.

தீண்டலோடு குரலும் சேர்கின்றது. இத்தாலியின் அயோஸ்தா வைத்தியசாலையிலே 20 குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு நிகழ்த்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், குதிக்காலில் குத்தும்போது தாய் அருகிருந்து பேசிய வேளையில் நோவுப் புள்ளி குறைந்ததும், பற்றுக்கு ஏதுவாகிய ஒட்சிடோசின் என்னும் ஓமோன் உயர்ந்ததும் காணப்பட்டன.

இவ்விடத்திலே மறுபக்கத்தையும் உரைத்தல் நேர்மையாகும். மெல்ல வருடும் தீண்டலை மாத்திரம் உணரும் தனி நரம்பிழைகள் நமது தோலிலே உள. வினாடிக்கு ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர் என்னும் வேகத்திலே வருடினால் குழந்தையின் மூளையில் எழும் நோவுக் குறி தணிகின்றது என 2018இல் ஒக்ஸ்போட் ஆய்வாளர் கண்டனர். அதன்மேற் பெற்றோரையே வருடச் செய்து, 112 குழந்தைகளைக் கொண்டு விரிவாகச் சோதித்தனர். குத்துவதற்கு முன் பத்து வினாடி காலை வருடுதலால் வேறுபாடு யாதும் விளையவில்லை என 2024இல் அறிவித்தனர். இம்முடிவு தாயின் தீண்டலுக்கு எதிரானது எனச் சிலர் கொள்வர். எமது கருத்து அதுவன்று. பத்து வினாடி விரலால் வருடுதல் வேறு; கால் மணி நேரம் மார்போடு மார்பாகக் கிடந்து, தாயின் வெப்பமும் மணமும் நெஞ்சத் துடிப்பும் உடல் முழுதும் பரவப் பெறுதல் வேறு. தாயைக் கதவண்டை நிறுத்தி, ஒரு கணம் உள்ளே அழைத்து, தொட்டுவிட்டுப் போகச் சொல்லும் ஏற்பாடு போதாது என்பதற்கே இவ்வாய்வு சான்று பகர்கின்றது.

செய்யும் முறை எளியது. குழந்தைக்கு அணையாடையும் தொப்பியும் மாத்திரம் அணிவித்து, தாயின் மார்பின் நடுவே நிமிர்த்தி வைத்து, மூச்சு தடைப்படாதபடி முகத்தை ஒருபுறம் திருப்பி, முதுகைத் துணியாற் போர்த்தல் வேண்டும். குறைந்தது பதினைந்து நிமிடம் அவ்வாறு கிடந்த பின்னர், தாதி குதிக்காலை மாத்திரம் வெளியே எடுத்துக் குத்தலாம். அணைப்பிலே வைக்க இயலாதவாறு நோயுற்ற குழந்தையாயின், தாய் ஒரு கையைத் தலையிலும் ஒரு கையைப் பாதங்களிலும் வைத்து, கருப்பையிலே சுருண்டிருந்த வண்ணம் கைகால்களை மடித்துப் பிடித்துக்கொள்ளலாம். தாய்ப்பாலைத் துளித்துளியாக நாவில் விடுதலும், சீனிக் கரைசல் கொடுத்தலும் துணையாவன. பெரிய செய்கைகளுக்கு மருந்தே வேண்டும். அணைப்பு மருந்தின் இடத்தைப் பிடிக்கமாட்டாது.

இவையெல்லாவற்றுக்கும் வேண்டிய ஒன்று, ஊசி ஏறும் வேளையிலே தாய் அங்கே இருத்தல். நமது மட்டக்களப்பிலே இதுவே அரிய பொருள். இலங்கையிலே நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றன. ஆனால், குறைமாதக் குழந்தையின் வைத்தியசாலை வாசம் தாயின் வாசத்திலும் நீண்டது. தாய் வீடு திரும்பிய பின்னரும் குழந்தை வாரக்கணக்கிலே அங்கே கிடக்க நேரும். வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நமது வாவி, எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்து நிற்கின்றது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை மண்முனையிலே பாதையேறியே இக்கரை வந்தனர் என்பதை நம்முட் பலர் நேரிலே அறிவர். பாலம் வந்த பின்னரும், பிரசவித்த உடம்போடு பேருந்திலே நாள்தோறும் வந்து மீளுதல் எளிதன்று. வீட்டிலே மூத்த பிள்ளைகள் இருப்பின் சொல்லவே வேண்டியதில்லை. குருதிச் சோதனை விடியற்காலையிலே நடந்து, தாய் முற்பகலிலே வந்து சேர்ந்தால், ஆய்வுகள் கூறிய நன்மை அக்குழந்தைக்கு எட்டாது. குழந்தைப் பிரிவை அடுத்துத் தாய்மார் தங்கும் அறைகளும் சாய்நாற்காலிகளும் அமைத்தலை, கருவிகள் வாங்குவதோடு ஒப்ப வைத்து எண்ணுதல் வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் வைத்தியசாலைக்கு நன்கொடை அளிக்க எண்ணும்போது இதனையும் கருதுவாராக. ஒரு சாய்நாற்காலியின் விலை பெரிதன்று.

நமக்கு வாய்த்த ஒரு நன்மையும் உண்டு. மணமான மகள் தாய்வீட்டிலோ அதன் அயலிலோ குடியிருப்பது மட்டக்களப்புத் தமிழரின் பழைய வழக்கம். வீடும் வளவும் சீதனமாக மகளையே சேர்வன. எனவே பிள்ளை பெற்றவளுக்குத் தாயும் பெரியம்மாவும் சின்னம்மாவும் கூப்பிடு தூரத்திலேயே உளர். மூத்த பிள்ளைகளை அவர்கள் பார்த்துக்கொள்வாராயின் தாய் வைத்தியசாலையிலே தங்கலாம். தாய்க்கு உடல்நலமில்லையேல் தகப்பன் அணைக்கலாம். 2011இல் வெளியான கனடிய ஆய்வொன்று தாயின் அணைப்பு தந்தையின் அணைப்பிலும் சற்றே மேம்பட்டது எனக் கண்டபோதிலும், வேறுபாடு சிறிதே. சட்டையைக் கழற்றிப் பிள்ளையை மார்பிலே போட நம் ஆண்மக்கள் கூசுவர். வாவியிலே தோணி தள்ளும்போது அக்கூச்சம் எங்கே போயிற்று என அறியோம்.

வீடு திரும்பிய பின்னரும் ஊசி தொடர்கின்றது. இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களிலே தடுப்பூசி ஏற்றப்படும். குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த நாளிலிருந்தே அம்மாதங்கள் எண்ணப்படும். பிள்ளையை மேசையிலே கிடத்தாது மடியிலே அணைத்து வைத்திருத்தலையும், ஊசி ஏற்றும்போதோ அதற்குச் சற்று முன்னரோ பாலூட்டுதலையும் உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே பரிந்துரைத்துள்ளது. கிளினிக்கிலே வரிசை நீண்டு, மருத்துவமாது விரைந்து பணியாற்றும் வேளையாயினும், “பிள்ளையை நான் மடியில் வைத்துக்கொண்டு பால் கொடுக்கிறேன், மிசி, அப்போதே ஊசியைப் போடுங்கள்” என்று தாய் கேட்கலாம். அதற்கு மேலதிகமாகச் செல்லும் நேரம் இரண்டொரு நிமிடமே.