விக்டோரியா நீரில் போட் ஓட்ட எந்த எண்ணெய்?

வத்தேகமவிலிருந்து குண்டசாலை, திகனப் பக்கம் இறங்கினால் விக்டோரியா நீர்த்தேக்கம். 1985இல் திறந்த 122 மீற்றர் உயர அணை மகாவலியை மறித்ததில் பழைய தெல்தெனிய நகரம் இந்த நீருக்குள் போனது. மகாவலி அதிகாரசபையிடம் அனுமதி கேட்டு, சிறு போட் ஒன்றை இங்கே இறக்க நினைப்பவர் எது மலிவு என்று பார்க்குமுன் எஞ்சினைப் பார்க்க வேண்டும். எண்ணெயை எஞ்சின்தான் தீர்மானிக்கும்.

மண்ணெண்ணெயில் எதையும் ஓட்டலாம் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் சொட்டுப் பெற்றோலைப் பீச்சி ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அது வேறு வழியில்லாத காலம். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஒழுங்காக எரியாது. பிளக் கரிபிடிக்கும், நாளடைவில் பிஸ்டனும் போகும். மீனவர்களின் மண்ணெண்ணெய் எஞ்சின் அமுக்கம் குறைத்து அதற்கென்றே செய்தது. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு வருவார்கள். நாள் முழுக்கக் கடலில் நிற்பவருக்கு அந்தச் சிரமம் கட்டுபடியானது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியதும் அவர்கள் கணக்கே ஆட்டங்கண்டது. குளத்தில் ஓரிரு மணிநேரம் ஓட்டுபவருக்கு மண்ணெண்ணெய் எஞ்சின் வேண்டாம்.

நான் சொல்வது பெற்றோலில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், அதற்கு 92 ஒக்டேன். கைநூலில் 87 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அது அமெரிக்கக் கணக்கு, நம் கணக்கில் ஏறக்குறைய 91. கைநூல் கேட்காத எஞ்சினுக்கு 95 அடிப்பது வீண் செலவு. பழைய டூ ஸ்ட்ரோக் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கார்புரேற்றர் வைத்த அந்த எஞ்சின்கள் குடிக்கும் எண்ணெயில் கால்பங்கு வரை எரியாமலே தண்ணீருக்குள் கக்கும். ஓடாத நீரில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது. இருப்பது அதுதான் என்றால், மோட்டார் சைக்கிள் ஒயிலைக் கலக்காமல் அவுட்போர்ட் எஞ்சினுக்கான ஒயிலையே வாங்குங்கள். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர்.

டீசல் எஞ்சின் சிறு போட்டுக்குப் பாரம். கண்டி வாவி அளவு நீருக்கு பற்றரி மோட்டர் அருமையானது; விக்டோரியாவின் அகலத்தில் எதிர்க்காற்று பிடித்தால் சார்ஜ் போதாமல் போகலாம்.

பெற்றோலின் ஆபத்து அதன் ஆவியில் இருக்கிறது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பிடிக்க 38 பாகைக்கு மேல் சூடு வேண்டும். பெற்றோலுக்கு உறைகுளிரே போதும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது. போட்டின் அடித்தட்டில் இறங்கித் தங்கிவிடும், மேலே நிற்பவருக்கு மணக்காமலும் போகலாம். ஆகவே கழற்றக்கூடிய தாங்கியைக் கரைக்குக் கொண்டுவந்தே எண்ணெய் அடியுங்கள். முதலில் எஞ்சினை நிறுத்தி ஆட்களை இறக்குங்கள். சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. பெற்றோல் செட்டிலும் கானை வாகனத்துக்குள் வைத்து நிரப்பக் கூடாது. நிலத்தில் வைத்தால்தான் நிலைமின் இறங்கும். குழாய் முனை கானின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும். விளிம்புவரை நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கை விடுங்கள், வெயிலில் பெற்றோல் விரியும். மழைநாளில் தண்ணீரைப் பிரிக்கும் வடி வைத்த புனல் கைகொடுக்கும்.

தாங்கியைப் போட்டில் வைத்ததும் மூடியின் காற்றுத் திருகைத் திறந்து, குழாயின் நடுவிலுள்ள ரப்பர்க் குமிழை இறுகும்வரை அமுக்குங்கள். பொருத்துகளைத் துணியால் துடைத்து, குனிந்து அடித்தட்டில் மணந்து பாருங்கள். மணந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கசிவைக் கண்டுபிடித்து, காற்றோட விட்டு, மறுபடி பாருங்கள். எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் பரவும், உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நீரில் சிந்தியதைச் சவர்க்காரம் போட்டுக் கலைப்பவர்கள் உண்டு. படலம் மறையும், எண்ணெய் நீருக்குள் இறங்கி மீனுக்கு இன்னும் கெடுதியாகும். மண்ணெண்ணெயோ ஒயிலோ என்றால் பழந்துணியால் ஒற்றியெடுங்கள். பெற்றோல் என்றால் தள்ளி நின்று ஆவியாக விடுங்கள். அதுவரை எஞ்சினைத் தொடாதீர்கள்.