ஏட்டிலிருந்து திரைக்கு

ஜப்பானியர் படக்கதையை 'மங்கா' என்பர். வலமிருந்து இடமாகப் படிக்கப்படும் இக்கதைகளுள் பல, இதழ்களில் தொடராக வெளிவந்து, நூலாகத் தொகுக்கப்பட்டுப் பின்னர்த் திரையை அடைகின்றன. ஒசாமு தெசுகா 1952இல் தொடங்கிய 'ஆஸ்ட்ரோ பாய்', 1963இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. அவர் மங்காவாக வரைந்த புத்தரின் வாழ்க்கை, 2011இல் திரைப்படமாக வந்தது.

இதழ், நூல், திரை என்னும் இவ்வழி தமிழுக்கும் புதிதன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் மணியத்தின் ஓவியங்களுடன் வெளிவந்தது. வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் வாசகர் மனத்தில் முதலில் முகம் தந்தவை அவ்வோவியங்களே. மணிரத்னம் இயக்கத்தில் 2022, 2023ஆம் ஆண்டுகளில் அப்புதினம் இரு படங்களாயிற்று.

ஐந்து பாகங்கள் இரு படங்களாகச் சுருங்கும்போது சில விடுபடும். சில இடம் மாறும். புதினம், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமீது வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது; படமோ போர்க்களத்தை முன்வைக்கிறது.

ஏட்டில் காலத்தை ஆள்பவர் வாசகர். அவர் விரும்பிய வரியில் நிற்கலாம்; ஓவியத்தை மீண்டும் நோக்கலாம். திரையில் காலத்தை ஆள்பவர் இயக்குநர். அங்கே இசையும் குரலும் அசைவும் கூடுகின்றன. நம் கற்பனைக்குரிய இடம் குறைகிறது. ஆகவே, 'மூலத்தைப் போலவே உள்ளதா?' என்று கேட்பது மட்டும் போதாது. எதை விடுத்தனர், எதைச் சேர்த்தனர், ஏன் என வினவுவதே திறனாய்வு.

கற்பவை கற்றபின்...
நீங்கள் படித்த சிறுகதையின் ஒரு காட்சியை ஆறு கட்டப் படக்கதையாக வரைக. அதில் நீங்கள் விடுத்தவற்றையும் அதற்கான காரணத்தையும் வகுப்பில் கலந்துரையாடுக.