உளுந்தின் மஞ்சள் தேமலும் வெள்ளை ஈயும்

நம் பாபநாசம் வட்டாரத்தில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாட்களுக்கு முன்பே, ஈரம் காயாத நெல் வயலில் உளுந்தைத் தெளித்துவிடுகிறோம். உழவுமில்லை, பாசனமுமில்லை, எஞ்சிய ஈரமும் பனியுமே அதனை வளர்க்கின்றன. நெல்லுக்குப் பட்ட கடனைத் தீர்க்கப் பலருக்கு இவ்வுளுந்தே துணை. அத்தகைய பயிரில் இலைகள் மஞ்சட் புள்ளியிட்டு, பின்னர் செடி முழுதும் வெளுத்து, காய் பிடியாமற் போவதைக் கண்டிருக்கிறோம். இதுவே மஞ்சள் தேமல் நோய். 1955-இல் தில்லியில் பாசிப்பயற்றில் இது முதன்முதலாகக் காணப்பட்டது.

இது உரக்குறைவால் வருவதன்று. வைரஸ் என்னும் நச்சுயிரியால் வருவது. அதனைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது வெள்ளை ஈ. நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சிய ஈயின் உடலில் நச்சுயிரி பல நாட்கள் தங்கும். பிறகு அவ்வீ நல்ல செடியில் சில நிமிடங்கள் உறிஞ்சினாலே நோய் தொற்றிவிடும். மருந்து ஈயைக் கொல்லும். செடிக்குள் புகுந்துவிட்ட நச்சுயிரியைக் கொல்லாது. ஆதலின் வயல் மஞ்சளான பின்னர் மருந்தடிப்பது வீண் செலவே. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் வேண்டும்.

செய்யத்தக்கவை இவை:

1. புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் ஆராய்ச்சி நிலையம் தந்த வம்பன் 6, வம்பன் 8 ஆகியவை தேமலைத் தாங்கும் ரகங்கள். நெல் தரிசுக்கு ஏற்ற ரகத்தை வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிந்து வாங்குவோம்.

2. கிலோ விதைக்கு 5 மி.லி. இமிடாகுளோபிரிட் 600 எப்.எஸ். கலந்து விதைத்தால் இளம்பயிர் காக்கப்படும். மருந்திட்ட விதையை உணவுக்குக் கொள்ளலாகாது.

3. முதல் 30 நாட்களில் மஞ்சளித்த செடியைக் கண்டவுடன் பிடுங்கி அழிப்போம். வரப்புக் களைகளையும் நீக்குவோம். ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறிகள் வைத்தால் ஈயின் வரவு தெரியும்.

4. ஈ பெருகினால் ஏக்கருக்கு 200 மி.லி. டைமெத்தோயேட்டை நீரிற் கலந்து, இலையின் அடிப்புறம் நனையத் தெளிப்போம். ஈ தங்குமிடம் அதுவே.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தலும் தீது. 1980-களின் நடுவில் ஆந்திரத்துப் பருத்தியில் பைரித்ராய்டு மருந்துகளை மிகுதியாகத் தெளித்தபின் வெள்ளை ஈ அடங்கவில்லை, பெருகியே விட்டது.

ஈக்கு வரப்புத் தெரியாது. ஒருவர் பிடுங்க, அடுத்த வயற்காரர் வாளாவிருந்தால் இருவர்க்கும் நட்டமே. ஆகவே ஒரு கண்ணாற்று அங்கத்தினர் அனைவரும் ஒரே வாரத்தில் விதைத்து, ஒன்றுகூடி வயல் சுற்றுவோமாக. கூட்டுறவின் பயன் இங்கேயும் விளங்கும்.