விழுந்த மோட்டார் சைக்கிளைத் தூக்கும் முறை

மழைக்காலம் வந்துவிட்டால் தோட்ட மருத்துவமனைக்கு இரண்டு வகையான ஆட்கள் அதிகமாக வருவார்கள். ஒரு வகையினர் காய்ச்சல்காரர்கள். மற்றவர்கள் இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு, "டிரஸரய்யா, பிடிச்சிக்கிச்சு" என்று வாசலிலேயே நிற்பவர்கள். எப்படிப் பிடித்தது என்று விசாரித்தால், விழுந்ததில் அடிபட்டதாகச் சொல்வோர் குறைவு. "வண்டி சாஞ்சிருச்சுங்க, சும்மா தூக்கினேன்" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அந்த "சும்மா"வைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

நம்மவர்கள் ஓட்டும் கப்சாய் வண்டி, ஹோண்டா இஎக்ஸ்5 போன்றது, ஏறத்தாழ 100 கிலோ எடை. சென்னை திருவொற்றியூரில் செய்து பெயர் பெற்ற புல்லட் மாதிரியான வண்டி 200 கிலோவை எட்டும். பால் தோம்பு, உர மூட்டை, 14 கிலோ கேஸ் தோம்பு என்று பின்னால் கட்டியிருந்தால் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சக்கரம் தரையில் ஊன்றியிருப்பதால் முழு எடையும் கைக்கு வராது என்பது உண்மை. ஆனாலும் தரையிலிருந்து கிளப்பும் முதல் நொடியில் பாதி அளவாவது வந்து சேரும். மேலே வர வர பாரம் குறையும். ஆக, முதுகு கெடுவது பெரும்பாலும் அந்த முதல் ஓரடி உயரத்தில்தான்.

ஏன் கெடுகிறது? காண்டாக் கம்பு தூக்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. தோளுக்குப் பக்கத்தில் இருக்கும் வாளி லேசு. கம்பின் நுனிக்குப் போகப் போக அதே வாளி ஆளை இழுக்கும். குனிந்து கையை நீட்டி ஒரு பாரத்தைத் தூக்கும்போது, பாரம் இடுப்பெலும்பிலிருந்து சுமார் 50 செண்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசையோ எலும்புக்குப் பின்னால் ஏறத்தாழ 5 செண்டிமீட்டரில்தான் இருக்கிறது. எனவே 20 கிலோ தூக்கினால் தசை 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தம் முழுவதும் முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் வட்டுகளின் மேல் விழுகிறது. முக்கியமாகக் கீழே உள்ள கடைசி இரண்டு வட்டுகள். குனிந்தபடியே உடம்பையும் திருகினால் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும். அப்போதுதான் வலி பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இறங்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இரவு படுத்திருக்கும்போது இந்த வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து தூக்குவது மற்ற நேரத்தைவிட ஆபத்து. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் செம்மண் ரோட்டில் வண்டி சறுக்கினால், அந்த நேரத்தில்தான் நாம் வீரம் காட்டுகிறோம்!

சரி, எப்படித் தூக்குவது? முதலில் சாவியை அணையுங்கள். பெட்ரோல் ஒழுகினால் பக்கத்தில் யாரும் சுருட்டு, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. கட்டியிருக்கும் சாமான்களை அவிழ்த்துக் கீழே வையுங்கள், சோம்பல்பட வேண்டாம். கிளட்ச் உள்ள பெரிய வண்டியானால் முதல் கியரில் போட்டுவிடுங்கள். கப்சாய்க்குச் சக்கரத்தில் கல் முட்டுக் கொடுப்பது நல்லது. வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால், பக்கவாட்டு ஸ்டாண்டை இப்போதே இழுத்து விட்டுவிடுங்கள். நிமிர்த்திய பிறகு அந்தப் பக்கம் எட்டாது.

பிறகு ஹேண்டிலை, முன்சக்கரத்தின் மூக்கு தரையைப் பார்க்கும் பக்கமாக முழுவதும் திருப்புங்கள். தரையில் கிடக்கும் பக்கத்துக் கைப்பிடி சீட்டுக்கு நெருங்கி வரும். இனிமேல்தான் முக்கியம். வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சீட்டின் விளிம்பில் பிட்டம் படும்படி குந்துங்கள். ஒரு கை அந்தக் கைப்பிடியில், மற்றது பின்னால் உள்ள கம்பியில் அல்லது சட்டத்தில் (சூடான புகைக்குழாயில் கை வைத்துவிடாதீர்கள்). முதுகு நிமிர்ந்திருக்கட்டும். மூச்சை அடக்காமல், தொடையின் பலத்தால் பின்பக்கம் தள்ளி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். கை பிடித்துக்கொள்ள மட்டுமே. நிமிர்ந்துவிட்டது என்றதும் ஒரே தள்ளாகத் தள்ளினால் மறுபக்கம் விழும். மெதுவாக ஸ்டாண்டில் சாயுங்கள்.

ஆள் கிடைத்தால் கூப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் இல்லை. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் மழை வந்தால் பாலத்தடியில் எத்தனை பேர் ஒதுங்கி நிற்கிறார்கள்! வண்டிகள் பறக்கும் இடத்தில் விழுந்தால் முதலில் ஓரத்துக்கு வந்துவிடுங்கள், வண்டி கிடக்கட்டும். கர்ப்பிணிகளும், குடல் இறக்கம் உள்ளவர்களும், ஏற்கனவே முதுகு ஆபரேஷன் செய்தவர்களும் தனியாகத் தூக்கவே கூடாது. கீழே கிடக்கும் ஆள் கழுத்து வலிக்கிறது என்றாலோ, காலை அசைக்க முடியவில்லை என்றாலோ, அவரை இழுத்து உட்கார வைக்காமல் 999க்கு அழையுங்கள்.

புகைக்குழாய் சுட்ட காலுக்குக் கீச்சாப், பற்பசை, மஞ்சள் என்று பூசி வருகிறார்கள். ஒன்றும் பூசாதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சேறு பட்ட வெட்டுக்காயத்துக்கு ஏற்புவலி தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள்.

இடுப்புப் பிடித்துக்கொண்டால், இரண்டு வாரம் பலகையில் படு என்று முன்பெல்லாம் சொல்வார்கள். அது இப்போது தவறு என்று தெரிந்துவிட்டது. ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும். பிறகு முடிந்த அளவு நடமாடினால்தான் சீக்கிரம் குணமாகும். சுளுக்கு வழிப்பவரிடம் போய் முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லாதீர்கள். கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் பிரியாமலோ அடக்க முடியாமலோ போனாலோ, மர்ம உறுப்பைச் சுற்றி உணர்ச்சி இல்லாவிட்டாலோ, காலை வரை காத்திருக்காமல் அன்று இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நேரம் கடந்தால் நரம்பு திரும்பாது.

வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நேர்ந்தால், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ பாதுகாப்பு உண்டு. பலர் "சின்ன அடிதானே" என்று வாயைத் திறக்காமல், ஒரு மாதம் கழித்து இடுப்பு முடியாமல் வந்து நிற்கிறார்கள். அப்போது விபத்து நடந்ததை யார் சொல்வது? அன்றே போலீஸ் புகார் செய்து, கிராணியிடம் தெரிவித்துவிடுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. தற்காலிக இயலாமைப் பணம் பெறக் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருக்க வேண்டும் என்பதால், விடுப்புச் சீட்டுகளை ஒன்று விடாமல் பத்திரப்படுத்தி, கிளைச் செயலாளரிடம் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.