வார்டு மேம்பாட்டு நிதி: நம் தெருவுக்குக் கேட்டுப் பெறும் முறை



நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் கல்வி உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் அடுத்து, தெரு சம்பந்தமான கோரிக்கைகளே அதிகம். ஃபஜ்ர் தொழுகைக்குப் போகும் பெரியவர்கள் தடுக்கி விழும் நடைபாதை, பெண் பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரும் சந்தில் எரியாத விளக்கு, மாநகராட்சிப் பள்ளியில் கதவு இல்லாத கழிவறை. "டிரஸ்ட்டிலிருந்து செய்து தரக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களின் வேதனை உண்மையானது. ஆனால் விதவைக்கும் நோயாளிக்கும் என்று வந்த பணத்தை விளக்குக் கம்பத்தில் செலவிட எங்களுக்கு மனம் வருவதில்லை. அதற்கென்று வேறு பணம் இருக்கிறது. சொத்து வரியாக நாம் கட்டுவதும் அதில் சேர்கிறது. வாடகைக்கு இருப்பவரும் வாடகையின் வழியே அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பணம் எங்கே இருக்கிறது, யாரிடம், எப்படிக் கேட்பது என்பதே இம்மாதப் பாடம்.

பெருநகர சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். ஒவ்வொரு வார்டுக்கும் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் வார்டு மேம்பாட்டு நிதி என்று ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து புதிய மாமன்றம் அமைந்தபோது, 30 லட்சமாக இருந்த இந்தத் தொகை 35 லட்சமாக உயர்த்தப்பட்டது. படிப்படியாக ஏறி 2025-26 பட்ஜெட்டில் 60 லட்சம் என்று அறிவிக்கப்பட்டது. மேயருக்கென்று தனியாக ஒரு சிறப்பு மேம்பாட்டு நிதியும் உண்டு. இவை போக, சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி.

60 லட்சம் என்றவுடன் பெரிதாகத் தோன்றும். 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 67 லட்சம். 200 வார்டுகளுக்குப் பிரித்தால் வார்டுக்குச் சராசரியாக 33 ஆயிரம் பேர். ஆக, ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 180 ரூபாய் அளவில்தான் வருகிறது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்துக்கு ஆன செலவு ஏறக்குறைய 40 கோடி. அது ஸ்மார்ட் சிட்டி திட்டப் பணம். அந்த ஒரு சாலைக்கு ஆனது, 60 லட்சம் என்ற கணக்கில் 66 வார்டுகளின் ஓராண்டு நிதிக்குச் சமம். பாண்டி பஜார் அழகானதில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் தியாகராய நகரின் உட்தெருவில் இருப்பவருக்குப் பயன்படப் போவது இந்தச் சின்னத் தொகைதான். சின்னத் தொகை என்பதால்தான் முன்கூட்டியே, எழுத்தில், ஒன்றை மட்டும் கேட்டவருடைய தெருவுக்கு அது போய்ச் சேருகிறது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்க வேண்டும். "கவுன்சிலர் கையில் பணம் கொடுக்கிறார்கள், அவர் மனசு வைத்தால் தருவார்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கவுன்சிலர் கையில் ரொக்கம் வருவதில்லை. எந்த வேலை வேண்டும் என்று பரிந்துரைப்பது மட்டுமே அவருடைய பங்கு. மாநகராட்சிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார். அதற்கு ஒப்புதல் கிடைத்த பிறகு, 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர் விடப்படும். எடுத்த ஒப்பந்ததாரர் வேலையைச் செய்வார். எனவே விளக்கு எரிந்ததும் பொன்னாடையுடன் ஓடுவதைவிட, வேலை நடக்கும்போது நான்கு பேர் நின்று பார்ப்பது மேல். நன்றி சொல்வது நல்ல பண்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது தயவல்ல, அமானத். கேட்பவரும் கொடுப்பவரும் அப்படி நினைத்தால்தான் இரு தரப்புக்கும் மரியாதை.

இனி, மனுக்கள் பெரும்பாலும் தவறிப்போகும் இடத்துக்கு வருவோம். தெருவில் ஒரே இடத்தில் நான்கு துறைகளின் சொத்து இருக்கிறது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதே இடத்தில் பொங்கி வழியும் கழிவுநீர்க் குழாய் சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. தெருவிளக்கு மாநகராட்சியுடையது, அதற்குப் பக்கத்தில் மூடியில்லாமல் நிற்கும் மின்பெட்டி மின்வாரியத்துடையது. சாலையிலும் வித்தியாசம் உண்டு. உட்தெருக்களை மண்டல அலுவலகம் பார்க்கும், பேருந்து போகும் சாலைகளை மாநகராட்சியின் தனிப் பிரிவு பார்க்கும், சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. கழிவுநீர்க் குழாயை மாற்றச் சொல்லி வார்டு நிதியில் மனுக் கொடுத்தால், அது மேசை மேசையாகச் சுற்றி நம் வீட்டுக்கே திரும்பி வரும். விளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை என்பன நிதி கேட்க வேண்டிய விஷயங்களே அல்ல. அவை அன்றாடப் பராமரிப்பு, 1913 என்ற எண்ணில் புகார் செய்தால் போதும். கம்பமே இல்லாத சந்துக்குப் புதுக் கம்பம் வேண்டும் என்றால்தான் நிதி வேண்டும்.

மண்டலத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரின் பெரும்பகுதி தேனாம்பேட்டை மண்டலத்திலும், தியாகராய நகரின் பெரும்பகுதி கோடம்பாக்கம் மண்டலத்திலும் வருகின்றன. அடையாறு என்ற பெயரிலேயே ஒரு மண்டலம் உண்டு. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் வேறு வார்டு என்பதும் நடக்கும். சட்டமன்றத் தொகுதியின் எல்லை இன்னொரு விதமாகப் போகும். சொத்து வரி ரசீதில் மண்டலமும் வார்டும் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு மனுவை எழுதுங்கள்.

எங்கே போய்ச் சொல்வது? கவுன்சிலர் அலுவலகம் ஒரு வழி. அதைவிட உறுதியான வழி ஒன்று இப்போது இருக்கிறது, நம்மவர்கள் அதை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. கிராமங்களில் கிராம சபை இருப்பதுபோல நகரங்களுக்குப் பகுதி சபை வந்திருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தமே, மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் வந்து சபைகள் கூடியது 2022-இல்தான். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் உட்கார்ந்து தங்கள் தேவைகளைச் சொல்லும் கூட்டம் இது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், கட்சி அட்டை வேண்டியதில்லை. அங்கே சொல்லிப் பதிவாகும் கோரிக்கைக்கும், கவுன்சிலரை வழியில் மறித்துச் சொல்லும் கோரிக்கைக்கும் வித்தியாசம் இருக்கிறது. பதிவானதைப் பிறகு எடுத்துக் காட்டிக் கேட்கலாம். அறிவிப்பு வீட்டுக்கு வரும் என்று காத்திருக்க வேண்டாம், அடுத்த கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் நாமே கேட்டு வைக்க வேண்டும்.

இதில் பெண்களுக்கு ஒரு தனி வார்த்தை. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் உங்கள் கவுன்சிலரே பெண்ணாக இருக்கலாம். எந்தச் சந்து இருட்டு, பள்ளிக் கழிவறையில் தண்ணீர் வருகிறதா இல்லையா, தள்ளுவண்டி எங்கே வழியை மறிக்கிறது என்பதெல்லாம் ஆண்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். ஜமாஅத் சார்பில் இரண்டு ஆண்கள் போய் உட்கார்ந்துவிட்டு, "எங்கள் பகுதியில் குறையில்லை" என்று சொல்லிவிட்டு வந்தால் யாருக்கு நஷ்டம்? குறைந்தது தெருவுக்கு இரண்டு பெண்களாவது போக வேண்டும் என்று மஹல்லா பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்து, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது. பள்ளிவாசலுக்குச் சுற்றுச்சுவர், மதரஸாவுக்கு மேல்மாடி, கப்ரஸ்தானுக்குக் கேட் என்று மனுக்கள் தயாராகின்றன. எம்.பி. நிதிக்கான வழிகாட்டு நெறிகள், வழிபாட்டுத் தலத்துக்குள்ளும் சமய அமைப்புகளின் நிலத்திலும் வேலை செய்யக் கூடாது என்று வெளிப்படையாகவே தடுக்கின்றன. அது நமக்கு மட்டும் போட்ட தடையல்ல, எல்லாச் சமயத்தாருக்கும் ஒன்றே. பள்ளிவாசலின் செலவை ஜமாஅத் பார்த்துக்கொள்ளட்டும். பள்ளிவாசலுக்கு வெளியே இருக்கும் நடைபாதை, வடிகால், விளக்கு, எதிரே உள்ள பேருந்து நிழற்குடை ஆகியவை எல்லோருக்கும் பொது, அவற்றைத் தாராளமாகக் கேட்கலாம். அதையும் நாம் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. கச்சேரி சாலைப் பக்கத்தில் நாமும் கோயிலுக்குப் போகிறவர்களும் நடப்பது ஒரே நடைபாதையில்தான். மனுவில் நம் பெயர்கள் மட்டும் இருந்தால் அது ஒரு சமூகத்தின் கோரிக்கை. பக்கத்து வீட்டுக்காரர், மூலைக் கடைக்காரர், இஸ்திரி போடுபவர் ஆகியோரின் கையெழுத்தும் சேர்ந்தால் அது தெருவின் கோரிக்கை. பாதையிலிருந்து இடையூறை அகற்றுவதை ஈமானோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்தப் பாதையில் யார் நடக்கிறார் என்று அது பார்க்கச் சொல்லவில்லை.

இந்த ஊரின் நகராட்சி வேலையில் நம் முன்னோருக்கும் பங்கு உண்டு. தியாகராய நகரில் தினமும் நாம் கடக்கும் உஸ்மான் சாலை, 1924-இல் மாநகராட்சியின் தலைவராக இருந்த சர் முகமது உஸ்மானின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பிறகு 1934-இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்தவர் அவர். நகை வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அறக்கட்டளையும் ஜமாஅத்தும் பணம் போட்டே தீர வேண்டும் என்று விரும்புவோருக்கும் ஒரு வழி இருக்கிறது. நமக்கு நாமே திட்டம் 1997-இல் தொடங்கப்பட்டு, இடையில் பெயர் மாறி, 2021-இல் மீண்டும் வந்தது. பொதுவான வேலைகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும். உதாரணமாக, மாநகராட்சிப் பள்ளியில் கழிவறை கட்ட 6 லட்சம் மதிப்பீடு என்றால் நாம் 2 லட்சம், அரசு 4 லட்சம். நாம் போட்ட ஒரு ரூபாய் மூன்று ரூபாய் வேலையாகிறது. ஆனால் இதில் ஜகாத் பணத்தைப் போட முடியாது. ஜகாத் குர்ஆன் எண்ணிச் சொன்ன எட்டு வகையினருக்கு உரியது. சாலைக்கும் கட்டடத்துக்கும் அதைச் செலவிடக் கூடாது என்பதே நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்களின் நிலை. லில்லாஹ்வாக, சதகா ஜாரியா நிய்யத்தில் தருபவர்கள் தனியாகத் தர வேண்டும், நாங்களும் தனிக் கணக்கில்தான் வைப்போம்.

வெளியூரில் எப்படி என்று பார்த்தால், புனே மாநகராட்சி 2006-07 முதல் குடிமக்களிடமே நேரடியாக விண்ணப்பம் வாங்கி, சிறு வேலைகளைப் பட்ஜெட்டில் சேர்க்கிறது. இதற்கெல்லாம் முன்னோடி பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம், 1989-இல் தொடங்கியது. இங்கும் அப்படி ஒரு படிவம் வந்தால் நல்லது. வரும்வரை மனுதான்.

மனுவில் ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள். பத்துக் குறைகளை எழுதினால் ஒன்றும் நடக்காது. எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த வீட்டு எண் வரை, எத்தனை அடி, பக்கத்துக் கம்பத்தின் எண் என்ன என்பதை எழுதி, பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகப் படம் எடுத்து இணையுங்கள். ஒரு நகலில் தேதியுடன் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்காமல் வர வேண்டாம். நேரமும் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கேட்பவருக்கு இடம் இருக்கும். ஜனவரியில் போனால் அந்த ஆண்டுக்கான வேலைகள் முடிவாகியிருக்கும். தேர்தல் அறிவித்துவிட்டால் புதிய வேலை எதையும் தொடங்க முடியாது. 2024-இல் மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டு, ஜூன் தொடக்கம் வரை நடத்தை விதிகள் அமலில் இருந்தன.

மாதங்கள் கடந்தும் பதில் இல்லையென்றால் சண்டை வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் கட்டணத்தில், "எங்கள் வார்டின் மேம்பாட்டு நிதியில் இந்த நிதியாண்டில் எடுக்கப்பட்ட வேலைகள் எவை, ஒவ்வொன்றின் மதிப்பீடு என்ன, முடிந்தவை எவை?" என்று கேளுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் அதைத் தெருவில் எல்லோருக்கும் காட்டுங்கள். சில நேரம் வேலை முடிந்ததாக எழுதப்பட்டிருக்கும் இடத்துக்குப் போய் நேரில் பார்க்க வேண்டியும் வரலாம்.

மனு எழுத உதவி வேண்டுவோர் எந்தச் சமயத்தவரானாலும் சனிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வரலாம். வரும்போது வாக்காளர் அட்டையின் நகல், சொத்து வரி ரசீது (வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்டு அதன் நகல்), அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண் ஆகியவற்றைக் கொண்டு வரவும். கம்பமே இல்லாத சந்து என்றால் அதன் இரண்டு முனைகளிலும் உள்ள கம்பங்களின் எண்களைக் குறித்து வந்தால் போதும்.